உருண்டைக் குண்டு ஏன் வளைகிறது?

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து அனுமந்தபுரத்தை இரண்டு காரணங்களால் ஊர்க்காரர்கள் அறிவார்கள். ஒன்று, அகோர வீரபத்திரர் கோயில். இன்னொன்று, காவல்துறையும் பாதுகாப்புப் படைகளும் துப்பாக்கி சுட்டுப் பழகும் தளம். அங்கே இன்று வெடிக்கும் ரைபிள்களின் குண்டு வினாடிக்கு 800, 900 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. மருந்து, அதைப் பற்றவைக்கும் கேப்பு, குண்டு எல்லாம் ஒரே தோட்டாவுக்குள் அடைபட்டு வருவதால் சுடுபவருக்கு மழையும் ஈரமும் பொருட்டில்லை. அடுத்தடுத்து எத்தனை முறை வேண்டுமானாலும் சுடலாம்.

இந்த வகைத் தோட்டா வருவதற்கு முன் செங்கல்பட்டுச் சீமையில் புழங்கிய துப்பாக்கி வேறு வகை. குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, மேலே துணியோ நாரோ வைத்து, குண்டையோ ரவையையோ போட்டு, நீண்ட கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஒரு முறை சுட்டால் இத்தனையையும் முதலிலிருந்து செய்தாக வேண்டும். இங்கே நாட்டுத் துப்பாக்கி என்றும், இலங்கைத் தமிழர்களிடையே இடியன் துவக்கு என்றும் இதற்குப் பெயர். 1752-இல் கிளைவ் செங்கல்பட்டுக் கோட்டையைப் பிடித்தபோது இரு தரப்பும் ஏந்தியிருந்ததும் இந்தக் குடும்பத்துத் துப்பாக்கிதான்.

இந்தத் துப்பாக்கியால் ஒரு மானைச் சுட்டால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை. வேட்டைக் கதைகளில் விசையை அழுத்தியதும் மான் சாய்ந்துவிடும். இயற்பியலின் கணக்கு அப்படி இல்லை. அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்த மனிதர் இறந்ததும் நம் கடற்கரையில்தான்.

முதலில் மருந்து. கருமருந்தில் பெரும்பகுதி வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். மாட்டுத் தொழுவங்களின் மண்ணிலும் பழைய குடியிருப்புகளின் மண்ணிலும் சிறுநீர், சாணத்து நைட்ரஜனை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. கோடையில் அது வெள்ளையாகப் பூத்து நிற்கும். பீகாரில் நோனியா சமூகத்தினர் அந்த மண்ணைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி உப்பெடுத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு அள்ளிச் சென்றது. ஐரோப்பியப் போர்களின் மருந்தில் இந்திய மாட்டுத் தொழுவத்தின் நைட்ரஜன் கணிசமாக இருந்தது.

கரி எரிய ஆக்சிஜன் வேண்டும். அடைத்த குழலுக்குள் காற்று ஏது? வெடியுப்பே தனக்குள் பிடித்து வைத்திருக்கும் ஆக்சிஜனைக் கரிக்குக் கொடுக்கிறது. கந்தகம் எளிதில் தீப்பற்ற உதவுகிறது. கணப்பொழுதில் பிறக்கும் சூடான வாயு, குண்டை முன்னே தள்ளுகிறது. ஆனால் எரிந்த மருந்தில் பாதிக்கும் குறைவான எடைதான் வாயுவாகிறது. பாதிக்கும் மேல் பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு போன்ற திடப்பொருள்கள். சுட்டவுடன் எழும் அடர்ந்த வெள்ளைப் புகை அந்தத் திடத்துகள்தான். குழலின் உட்சுவரில் படியும் கறுப்புக் கசடும் அதுவேதான். இந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். கடற்காற்று வீசும் மாமல்லபுரம் பக்கம் ஒரே இரவில் குழலுக்குள் துரு பிடித்துவிடும். அதனால்தான் சுட்ட அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவுவது வழக்கம். கழுவும்போது வரும் அழுகிய முட்டை நாற்றம், சல்பைடு நீரோடு சேர்ந்து வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடு.

அந்தப் புகையில் வேட்டைக்காரருக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருக்கிறது. குண்டு பட்டதா, பட்டால் எங்கே பட்டது, மான் எந்தப் பக்கம் ஓடியது என்று பார்க்க வேண்டிய அந்த ஓரிரு நொடியில் அவர் கண்முன் வெள்ளைத் திரை. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி குண்டின் பயணம். இங்கேதான் பெஞ்சமின் ராபின்ஸ் வருகிறார். 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில், போரையே மறுக்கும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்த கணித மேதை. குண்டின் வேகத்தை நேரடியாக அளக்க அதுவரை யாருக்கும் சரியான வழி கிடைக்கவில்லை. ராபின்ஸ் கனமான ஒரு மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுட்டார். கட்டை எவ்வளவு பின்னே ஆடுகிறது என்பதை, அதோடு இழுபட்டு வரும் ரிப்பன் காட்டும். கட்டையின் எடையும் குண்டின் எடையும் தெரியும் என்பதால், ஆட்டத்தைக் கொண்டே குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். 1742-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தை ஆய்லர் மாதிரியான கணித மேதையே ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கவுரை எழுதினார் என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

ஊசலை அருகிலும் தொலைவிலும் மாற்றி வைத்துச் சுட்டபோது ராபின்ஸுக்குத் தெரிந்தது இது: காற்றின் தடை அன்றைய அறிஞர்கள் நினைத்ததைப் போல் அற்பமானதல்ல. வேகமாகப் போகும் ஈய உருண்டையை அதன் எடையைப் போல் நூறு மடங்கு அளவிலான விசையுடன் காற்று பின்னுக்கு இழுக்கிறது. பீரங்கிக் குண்டு அழகான பரவளையமாகப் போகிறது என்ற பாடம் அத்தோடு செல்லாததாயிற்று.

இன்னொரு சோதனை அதைவிட நுட்பமானது. வரியில்லாத, வழவழப்பான குழலில் உருண்டைக் குண்டு இறுக்கமாகப் பொருந்தாது. கசடு படிந்த பிறகும் உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காகக் குழலைவிடச் சிறியதாகவே குண்டை வார்ப்பார்கள். கம்பெனிப் படையின் மஸ்கெட்டுக் குழலின் விட்டம் முக்கால் அங்குலம்; குண்டு அதைவிடச் சற்றுச் சிறியது. அதனால் குண்டு சுவரில் முட்டி முட்டி உருண்டு, கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்ற சுழற்சியோடு வெளியேறும். சுழலும் பந்து காற்றில் வளையும். கார்னர் கிக்கில் பந்து கோலை நோக்கித் திரும்புவது இதனால்தான். அடுத்த முறை குண்டு எந்தப் பக்கம் சுழலும் என்று சுடுபவருக்கே தெரியாது.

இதை நிரூபிக்க ராபின்ஸ் ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கமாகச் சற்று வளைத்தார். வரிசையாக மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். வளைந்த குழலிலிருந்து வரும் குண்டு இடப்பக்கமே போக வேண்டும் என்பதுதான் எவரும் எதிர்பார்ப்பது. முதல் திரைகளில் ஓட்டை இடப்பக்கம்தான் விழுந்தது. அப்புறம் குண்டு திரும்பி வலப்பக்கம் போய்விட்டது. வளைந்த சுவரில் உருண்டு பெற்ற சுழற்சி அதை எதிர்ப்பக்கம் இழுத்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் விழுந்த ஓட்டையை வைத்து இவ்வளவு பெரிய உண்மையைப் பிடித்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

1747-இல் ராயல் சொசைட்டியில் அவர் இதற்கான தீர்வையும் சொன்னார். குழலின் உள்ளே திருகுவரிகள் வெட்டி, குண்டு முன்னோக்கிய அச்சிலேயே சுழலும்படி செய்தால் அது நேரே போகும். இதை எந்த நாடு முதலில் முழுமையாகக் கைக்கொள்கிறதோ அது மற்றவற்றை மிஞ்சும் என்றார். அதன் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தி, சென்னை, கடலூர்க் கோட்டைகளைச் சீரமைக்க அனுப்பிவைத்தது. 1750-இல் வந்து சேர்ந்தார். காய்ச்சலில் விழுந்து, 1751 ஜூலையில் கடலூரை ஒட்டிய புனித டேவிட் கோட்டையில் 44 வயதில் இறந்தார். அந்தக் கோட்டை உள்ள தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அவர் சொன்ன வரிக்குழலைப் பிரிட்டிஷ் ராணுவம் எல்லாச் சிப்பாய்களுக்கும் கொடுக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்ட் அப்படி வந்தது. அதுவும் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிதான். அதன் காகிதத் தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றிய பேச்சுதான் 1857-இல் வடக்கே தீயாகப் பரவியது.

சரி, மானுக்கு வருவோம். நன்கு வார்த்த அரை அங்குல ஈயக் குண்டின் எடை சுமார் 12 கிராம். நல்ல வரிக்குழலிலிருந்து வினாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். 90 மீட்டர் போவதற்குள் வேகம் 300-க்கு இறங்கிவிடும். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் கிளம்பியபோது இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் மிஞ்சும். போக எடுக்கும் கால் வினாடிக்குள் புவியீர்ப்பு அதை ஒரு சாணுக்கும் மேல் கீழே இறக்கிவிடும். புள்ளிமானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி கிட்டத்தட்ட அதே ஒரு சாண் அகலம்தான். தூரத்தை மதிப்பிடுவதில் இருபது முப்பது மீட்டர் தப்பினால் குண்டு நெஞ்சை விட்டுக் கீழே, காலிலோ வயிற்றிலோ போய்ப் படும்.

நெஞ்சில் சரியாகப் பட்டால்கூட மான் அந்த இடத்திலேயே விழுவது அரிது. நுரையீரல்கள் சுருங்கி, ரத்த அழுத்தம் விழுந்து, மூளைக்குப் போகும் ஆக்சிஜன் தீர ஏறத்தாழ பத்துப் பதினைந்து வினாடி ஆகும். அதுவரை கால்கள் ஓடும். புள்ளிமான் ஓடத் தொடங்கினால் அந்த நேரத்துக்குள் நூறு மீட்டருக்கும் மேல் கடந்துவிடும். வயிற்றில் பட்டிருந்தால் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், குடலின் கிருமி வயிற்றறைக்குள் பரவிச் சாகும். அதைவிடக் கொடிய சாவு எனக்குத் தெரியாது. சுட்டவர் கண்ணெதிரே இன்னும் புகை கலையவில்லை. நம் செங்கல்பட்டுப் பக்கத்துக் காடோ காரையும் களாவும் சூரைமுள்ளும் பின்னிப் பிணைந்த புதர்க்காடு. நாலடி தள்ளி விழுந்த ரத்தத்துளி கண்ணில் படாது.

இது நல்ல துப்பாக்கியின் கணக்கு. நம் நாட்டில் காவல்துறை பறிமுதல் செய்யும் நாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் வரியில்லாத வெறும் இரும்புக் குழாய்கள். ஈயத்துக்குப் பதில் சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் போட்டுக் கெட்டிப்பதும் உண்டு. இரும்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. பால்ரஸ் உருவமும் சிறியது. ஆறு மில்லிமீட்டர் பால்ரஸ் அரை அங்குல ஈயக் குண்டைவிட மூன்று மடங்கு சீக்கிரம் வேகத்தை இழக்கும். எடை ஒரு கிராம்கூட இல்லை. பத்துப் பன்னிரண்டு பால்ரஸ் விரிந்து பாய்ந்தால் ஒன்றிரண்டு மானின் மேல் படும், படுவதும் ஆழமாக இறங்காது. காயப்படுத்தவென்றே செய்தது போன்ற கருவி.

உலகில் இந்தத் துப்பாக்கியை விரும்பிக் கையில் எடுக்கும் இடங்கள் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் 1974-இல் தொடங்கிய பருவத்தில் சக்கிமுக்கிக் கல் பொறியால் வெடிக்கும் துப்பாக்கி மட்டுமே செல்லும். ஒரே ஒரு குண்டுதான் என்பதால் வேட்டைக்காரர் அருகே போயாக வேண்டும், பொறுத்திருக்க வேண்டும், உறுதியில்லாவிட்டால் சுடாமல் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் வாதம். அங்கே வரிக்குழல் உண்டு, உரிமம் உண்டு, எத்தனை மான் என்ற கணக்கும் உண்டு. இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. நம் புள்ளிமானே அங்கே போயிருக்கிறது. 1860-களின் இறுதியில் ஹவாய்த் தீவுகளுக்கும், 1930-களில் டெக்சாஸுக்கும் கொண்டுபோய் விடப்பட்டது. புலியும் செந்நாயும் இல்லாத அந்த மண்ணில் அது பெருகி, தோட்டங்களையும் காட்டையும் மேய்ந்து தீர்க்கும் தொல்லையாகிவிட்டது. அங்கே அதைச் சுடுவதற்கு ஒரு சூழலியல் நியாயம் சொல்ல முடியும். இங்கே இல்லை. நம் மான் நம் காட்டின் உணவுச் சங்கிலியில் அதற்குரிய இடத்தில் இருக்கிறது.

துப்பாக்கியை அறிந்த மான் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கும் அளவு உண்டு. மனிதன் எவ்வளவு நெருங்கினால் விலங்கு ஓடத் தொடங்குகிறதோ அதை ஓட்டத்தூரம் என்று சூழலியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். வேட்டை நடக்கும் காடுகளில் இந்தத் தூரம் கூடுகிறது. மாறாக, கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் புள்ளிமான்கள் சைக்கிளில் போகும் மாணவர்களைத் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மாமல்லபுரத்தின் பெரும் பாறைச் சிற்பத்தில் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்று இருக்கிறது. மிரளாத மானைப் பக்கத்திலிருந்து பொறுமையாகப் பார்த்தவனால்தான் அப்படிச் செதுக்க முடியும்.

துப்பாக்கி ஓசை ஓர் இடத்தை என்ன செய்யும் என்று உணர்ந்து, அதைத் தடுக்கும் உரிமையை இந்த மாவட்டத்தில் எழுத்தில் கேட்டுப் பெற்றவர்கள் விவசாயிகள். வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்க ஊருக்கு உரிமை எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எச்சத்தின் நைட்ரஜனும் சிப்பாயின் மருந்தில் இருந்த நைட்ரஜனும் ஒரே தனிமம். ஒன்று நெல்லுக்குப் போயிற்று, இன்னொன்று குழலுக்கு.

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் வாழும் நரிக்குறவர்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாட்டுத் துப்பாக்கி என்றதும் பலர் அவர்களைத்தான் நினைக்கிறார்கள். அவர்கள் முன்னோர் கையில் இந்தத் துப்பாக்கி இருந்தது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் கௌதாரி, காடை மாதிரியான சிறு உயிர்களுக்கானது. அதற்கு ரவைதான் போடுவார்கள். வேட்டை சட்டவிரோதமானபோது அவர்களுக்கு மாற்றுத் தொழிலைத் தேடித் தந்தவர்கள் குறைவு. பாசிமணி கோத்து விற்று அவர்களே வழி கண்டார்கள். 2021 தீபாவளியன்று அன்றைய முதலமைச்சர் பூஞ்சேரிக்கு நேரில் வந்து பட்டா வழங்கினார். 2023-இல் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். இவ்வளவு தாமதமாக.

துப்பாக்கியின் மிகக் கொடிய வடிவம் ஆள் இல்லாமலே வெடிப்பது. வன்னியிலும் இலங்கையின் பிற காட்டோரங்களிலும் கட்டுத்துவக்கு என்று ஒன்று உண்டு. விலங்கு நடக்கும் தடத்தில் குழலைக் கிடத்தி, குறுக்கே கம்பியை இழுத்துக் கட்டிவிடுவார்கள். மானுக்கும் பன்றிக்கும் வைத்தது சிறுத்தையின் காலையும், யானையின் காலையும், தேன் எடுக்கப் போன மனிதனின் காலையும் உடைக்கிறது. ராபின்ஸ் கண்டுபிடித்த குறைகள் எதுவும் இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் இலக்கு குழலிலிருந்து சில அடி தூரத்தில் இருக்கிறது. குறி பார்க்க யாருமில்லை என்பதே இதன் ஒரே குறை, அந்த ஒன்றே போதும்.

இந்தியச் சட்டம் மானைப் பொறுத்தவரை தெளிவானது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. உரிமம் வாங்கி வேட்டையாட அதில் இருந்த வழியையும் 1991 திருத்தம் அடைத்துவிட்டது. ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று இன்றும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. காட்டோர விவசாயியின் நிலைமையைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. இரவோடு இரவாக வேர்க்கடலைக் கொல்லையைப் பன்றி உழுதுவிட்டுப் போனால் அந்த வீட்டின் ஒரு வருஷ வருமானம் போய்விடும். 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து சேதம் செய்யும் காட்டுப்பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடலாம் என்று முடிவெடுத்தது. நல்ல ரைபிளும் தேர்ந்த கையும் உள்ளவர் சுடட்டும் என்ற அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. புள்ளிமானுக்கு அது பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம்.

மான் மேயும் கொல்லைகளுக்கு வேலிதான் வழி. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை வழக்கில்லாமல் ஒப்படைக்கலாம் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் போன்ற மாவட்டங்களில் காவல்துறை அழைத்ததுண்டு. மக்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்படி ஒரு கிராமம் துப்பாக்கியைக் கொடுக்கும் அதே வாரத்தில் சூரிய மின்வேலிக்கான மானியமும் அந்தக் கிராமத்துக்கு வந்து சேர வேண்டும். விதைப்புக்கு முன்னால்.